பழி குளிருக்கு, பாவம் வெயிலுக்கு: கார் பேட்டரி ஏன் சாகிறது?

டிசம்பரில் கனடாவிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்களிடம் ஒரு புலம்பல் கட்டாயம் இருக்கும்: காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "உங்களுக்கென்ன, கோலாலம்பூரில் பனியா குளிரா" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே ஒரு பேட்டரி நான்கைந்து வருடம் தாராளமாக ஓடும். இங்கே இரண்டு வருடம் தாண்டினாலே பட்டறைக்காரர் நம்மை அதிர்ஷ்டசாலி என்பார்.

காரணம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், ஈய டைஆக்சைடு பூசிய தகடுகள், இரண்டையும் நனைத்தபடி நீர் கலந்த கந்தக அமிலம். 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்த அதே அடிப்படை ஏற்பாடு. ஓர் அறைக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆக மொத்தம் 12.6. மின்சாரம் வெளியே போகும்போது அமிலத்திலுள்ள சல்பேட் தகடுகளில் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கிறது.

குளிரில் இந்த வேதிவினை மந்தமாகிறது. அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் மெதுவாகத்தான் நுழைகிறது. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறனில் கிட்டத்தட்ட பாதிதான் கைக்குக் கிடைக்கும். அதே நேரம் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் கேட்கும். ஹீட்டர் காற்றாடி, பின்கண்ணாடி சூடேற்றி, சீட் சூடேற்றி, நீண்ட இரவுக்கு ஹெட்லைட் என்று செலவு மேலும் ஏறும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு என்றால் கார் எப்படிக் கிளம்பும்?

ஆனாலும் குளிர் பேட்டரியைச் சோர வைக்கிறதே தவிர, பொதுவாகக் கெடுப்பதில்லை. வெப்பம் திரும்பினால் திறனும் திரும்பிவிடும். விதிவிலக்கு ஒன்றுண்டு: சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால், கடுங்குளிரில் அது உறைந்து பெட்டியே விரிசல் விடலாம்.

வெயில் செய்வது வேறு வேலை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நமக்கு வேண்டிய வினை மட்டும் வேகமெடுத்தால் பரவாயில்லை. நேர்மின் தகட்டின் ஈயச் சட்டம் அரிப்பது, அமிலத்தின் தண்ணீர் குறைவது, சும்மா நிற்கும்போதே சார்ஜ் கசிவது என்று வேண்டாதவையும் சேர்ந்தே வேகமெடுக்கின்றன. மதியம் 33 டிகிரி வெயிலில் ஓட்டி வந்து காரை நிறுத்துகிறோம். காற்றோட்டம் நின்றுவிட, எஞ்சினின் சூடு முழுவதும் பானெட்டுக்குள் தேங்கி, பேட்டரியைச் சுற்றி 60 டிகிரியைத் தொடக்கூடும். அரித்துப்போன சட்டம் திரும்பி வளராது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கெடுக்கும் அதே சூடுதான் கேட்டை மறைக்கவும் செய்கிறது. ஆயில் இளக்கமாக இருக்கிறது, வினை சுறுசுறுப்பாக நடக்கிறது, அதனால் பாதி செத்த பேட்டரிகூட இங்கே தினமும் எஞ்சினைக் கிளப்பிவிடும், ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் கைவிரிக்கும்வரை. குளிர்நாட்டில் அந்த மறைப்பு இல்லை. அங்கே டிசம்பரில் விழும் பேட்டரிகளில் பல, ஜூலை வெயிலிலேயே பலவீனப்பட்டவை.

நம் ஊர் ஜாம் இன்னொரு சுமை. மாலை ஆறு மணி, பெடரல் நெடுஞ்சாலை, மழை கொட்டுகிறது. ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கும் 110 வாட், அதாவது சுமார் 9 ஆம்பியர். ஏர்கோன் காற்றாடி, ரேடியேட்டர் காற்றாடி, வைப்பர், கண்ணாடி சூடேற்றி எல்லாம் சேர்ந்தால் 30 ஆம்பியர் சாதாரணமாகத் தாண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரால் அதன் முழு அளவைத் தர முடியாது. பற்றாக்குறை வந்தால் பேட்டரியிலிருந்துதான் போகும்.

அப்புறம் டேஷ்கேம். நிறுத்திய காரிலும் பதிவு செய்யும் கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 45 ஆம்பியர்-மணி (அதாவது ஓர் ஆம்பியர் வீதம் 45 மணி நேரம் தரக்கூடிய) பேட்டரியின் பாதி, நான்கு நாளுக்குள் காலி. தீபாவளிக்கு காரை பினாங்கில் விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் அதன் வயரைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு என்ன சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது.

சாவியைத் திருப்பும்போது வரும் 'டக்டக்டக்' சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டரின் சுவிட்ச் உள்ளே இழுபடுகிறது. நூறு ஆம்பியருக்கு மேல் பாயப் போகும் அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்து சுவிட்ச் விட்டுவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்ட்டேஜ் ஏற, மறுபடி பிடிக்கிறது. இப்படி ஒரு நொடிக்குள் பலமுறை நடப்பதுதான் அந்தச் சத்தம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலும் இதே சத்தம் வரலாம். அதனால் புதுப் பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் 12.6 காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சுமையில்லாமல் எடுத்த அளவு அது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் முள் 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் சரி. 9க்குச் சரிந்தால் பட்டறையில் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை வருடம் ஆன எந்தப் பேட்டரிக்கும் இது நியாயமான சோதனை. ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிய காரை ஜாமில் இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடாது. நான்கைந்து ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போட்டால்தான் நிறையும்.