"ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்": கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பது என்ன?

ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்து நர்ஸ் எங்களைக் கூப்பிட்டார். டிரேயில் பெரியம்மாவின் கர்ப்பப்பை. கைக்குள் அடங்கிவிடும் அளவுதான், இரண்டு பக்கமும் சினைக்குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டு. "எல்லாம் எடுத்தாச்சு, நல்லபடியா முடிஞ்சுது" என்றார் டாக்டர். அக்கா உடனே கேட்டாள்: "அப்போ கீமோ, கரண்ட் எதுவும் வேண்டாமா டாக்டர்?" கரண்ட் என்று அவள் சொன்னது கதிர்வீச்சுச் சிகிச்சையை.

"ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்."

அந்த 'பார்க்கலாம்' எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஏதோ மறைக்கிறார் என்றே பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். மறைக்க ஒன்றுமே இல்லை, அந்த நேரத்தில் அது டாக்டருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்று அப்போதே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரம் கொஞ்சம் தூங்கியிருப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றதும் பலர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸால் வருவது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்துப் பார்க்கும் பாப் ஸ்மியரில் தேடுவது. இது வேறு, மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற உள்சவ்வில் தொடங்குவது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அதற்குக் கடிவாளம் போடும். மாதவிலக்கு நின்றபிறகு புரோஜெஸ்டிரோன் ஓய்ந்துவிடுகிறது, ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. உடல் பருமன் இதற்குப் பெரிய காரணமாக இருப்பது அதனால்தான். இந்த நோய்க்குப் பாப் ஸ்மியரை நம்ப முடியாது. மாதவிலக்கு முழுசாக நின்றபிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். அப்படிப் படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது, ஆனால் நோய் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் அறிகுறி. பெரியம்மா 'சூடு' என்று சொல்லிக்கொண்டு நான்கு மாதம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார்.

சரி, டாக்டருக்கு ஏன் தெரியாது? ஆபரேஷனுக்கு முன் எடுத்த பயாப்சி என்பது உள்ளேயிருந்து சுரண்டிய சில துணுக்குகள், அவ்வளவுதான். கட்டி சுவருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐ ஓரளவு சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும். ஆக இந்த நோயில் ஆபரேஷனே சிகிச்சை, ஆபரேஷனே பரிசோதனை. ஸ்டேஜ் வகுக்கும் ஃபீகோ என்ற உலக அமைப்பு, ஆபரேஷனில் எடுத்ததைப் பார்த்துத்தான் ஸ்டேஜ் சொல்ல வேண்டும் என்று 1988-லேயே மாற்றிவிட்டது.

டிரேயில் நாங்கள் பார்த்தது அப்புறம் ஃபார்மலின் டப்பாவுக்குப் போகிறது. முழுசாகப் போட்டால் ஃபார்மலின் நடுவரைக்கும் இறங்குவதற்குள் உள்சவ்வு கெட ஆரம்பித்துவிடும், அதனால் பிளந்து போடுவார்கள். நன்றாக ஊறியபிறகு நோயியல் நிபுணர் வாழைக்காய் சீவுவதுபோல் அதைச் சீவி, கட்டி எங்கே ஆழமாக இறங்கியிருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் தேடி, அங்கிருந்து தபால்தலை அளவுத் துண்டுகள் எடுப்பார். அவற்றில் ஈரத்தை நீக்கி, மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் கனத்தில் மறுபடி சீவுகிறார்கள். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. ஊதாவும் ரோஸும் சாயம் ஏற்றிய பிறகுதான் மைக்ரோஸ்கோப்பில் வைக்கவே முடியும். நாங்கள் லேபுக்கு போன் மேல் போன் போட்டுக் கொண்டிருந்தபோது அங்கே இதுதான் நடந்துகொண்டிருந்தது.

பார்ப்பது பல விஷயம். பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் சுவரின் கனம் 14 மி.மீ., கட்டி இறங்கியது 9 மி.மீ. பாதியைத் தாண்டிவிட்டது என்பதால் ஸ்டேஜ் 1ஏ இல்லை, 1பி. அடுத்தது கிரேடு, அதாவது செல்கள் தங்கள் பழைய சுரப்பி வடிவத்தை எவ்வளவு மறந்துவிட்டன என்பது. மூன்று கிரேடுகளில் பெரியம்மாவுக்கு 2. நிணநீர்க் குழாய்களுக்குள்ளும் ரத்தக்குழாய்களுக்குள்ளும் செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்றும் தேடுவார்கள், நுழைந்திருக்கவில்லை. ஆபரேஷனின்போது கர்ப்பப்பை வாயில் ஒரு பச்சைச் சாயம் ஏற்றி, விசேஷ கேமராவில் ஒளிர்ந்த, நோய் பரவினால் முதலில் எட்டும் நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்திருந்தார்கள். அவையும் சுத்தம்.

இதோடு முடிந்துவிடும் என்றால் அது பழைய காலம். 2013-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம், மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இந்தக் கட்டிகள் உள்ளுக்குள் நான்கு வகை என்று காட்டியது. செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53 புரதம் பழுதான வகைதான் மோசமானது, ஆழம் குறைவாக இருந்தாலும் பரவும் சுபாவம் கொண்டது. எம்எம்ஆர் என்கிற மரபணுப் பிழைதிருத்தப் புரதங்களை இழந்த வகை இன்னொன்று. சிலருக்கு இது லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறால் வருகிறது, அப்படியானால் பிள்ளைகளும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குக் குடல் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்தது, டிஎன்ஏவை நகலெடுக்க உதவும் பிஓஎல்இ மரபணு பழுதான வகை. பார்வைக்கு கிரேடு 3 மாதிரி பயங்கரமாக இருக்கும், ஆனால் திரும்பி வருவது மிக அரிது. அதைக் கண்டுபிடிக்க மரபணு வரிசையைப் படிக்க வேண்டும், அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. எந்த வகையும் இல்லாதவை நான்காவது கூட்டம், பெரியம்மா அதில்தான். பி53, எம்எம்ஆர் இரண்டையும் பழுப்புச் சாயம் ஏற்றும் கூடுதல் சோதனையில் பார்த்துவிடலாம், ஆனால் அதற்கு இன்னும் சில நாள் ஆகும்.

"எதற்கும் கரண்ட் வைத்துவிடுங்களேன்" என்று நாங்களே கெஞ்சினோம். அது ஏன் சரியில்லை என்பதற்கு நெதர்லாந்தில் 714 பெண்களிடம் நடந்த போர்டெக் ஆய்வு இருக்கிறது. 2000-ல் முடிவு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பு முழுக்கக் கரண்ட் வைத்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் அந்தப் பகுதியில் நோய் திரும்பியது 4 சதவீதம், வைக்காதவர்களில் 14. ஆனால் உயிர்பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை, குடல், சிறுநீர்ப்பைத் தொந்தரவுதான் கூடியது. திரும்பியவற்றில் பெரும்பாலானவை பிறப்புறுப்பின் மேல்முனையில், தையல் போட்ட இடத்தில் வந்தவை. அப்படியானால் அங்கே மட்டும் வைத்தால் என்ன என்று அடுத்த ஆய்வு நடந்தது, 2010-ல் அதுவே அந்த இடத்துக்குப் போதும் என்று தெரிந்தது. மூன்றாவது ஆய்வு கீமோவையும் சேர்த்துப் பார்த்தது. தெளிவாகப் பலன் பெற்றவர்கள் பி53 பழுதானவர்கள். பல பெண்களுக்கு 'எதுவும் வேண்டாம், செக்கப்புக்கு மட்டும் வாருங்கள்' என்பதே சரியான சிகிச்சை. அது கைவிடுவது இல்லை.

பெரியம்மாவுக்கு உள்வழிக் கரண்ட் மூன்று தடவை என்று முடிவானது. தையல் ஆறுவதற்குச் சில வாரம் விட்டார்கள். உள்ளே வழவழப்பான ஒரு உருளையை வைத்து, அதற்குள் அரிசி மணியை விடச் சின்ன இரிடியம்-192 துண்டை ஒரு கம்பியின் நுனியில் மெஷின் அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான். இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும் என்பதால், துண்டு பழசாகப் பழசாக அதே அளவைக் கொடுக்க நேரம் கொஞ்சம் கூடும். இரண்டாவது தடவை ஏன் அதிக நேரமானது என்று நாங்கள் பதறியபோது டெக்னீஷியன் இதைத்தான் சொன்னார். முடிந்ததும் துண்டு மெஷினுக்கே திரும்பிவிடும், உடம்பில் கதிர்வீச்சு எதுவும் தங்காது. பெரியம்மா இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அன்று சாயங்காலம்தான் பேத்தியை மடியில் உட்காரவைத்தார்.