சாணைக்காரரின் கையும் காந்த பிரேக்கும்

தெருவில் சாணை பிடிக்க வருபவரைக் கவனித்திருப்பீர்கள். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரத்திலிருந்து போகும் பெல்ட் சாணைக்கல்லைச் சுற்றும். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகராது, ஆனால் மனிதருக்கு வியர்த்துக் கொட்டும். கத்தியைக் கல்லில் அழுத்தினால் மிதி கனக்கும்; கையைத் தளர்த்தினால் இலேசாகும். கல்லின் ஓசை இறங்குவதைக் காதில் வாங்கிக்கொண்டே அழுத்தத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

சைக்கிள் பந்தய வீரர்கள் வீட்டுக்குள் வைத்துப் பயிற்சி செய்யும் ‘ஸ்மார்ட் டிரெய்னர்’ இதே வேலையைத்தான் செய்கிறது. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினைக் கருவியின் பல்சக்கரத்தில் மாட்டி மிதிக்கிறார்கள். எதிரே திரையில் மலைப்பாதை வந்தால் மிதி கனக்கிறது, சமதளம் வந்தால் விட்டுக்கொடுக்கிறது. கத்தியை அழுத்தும் கைக்குப் பதிலாக அங்கே ஒரு காந்தம் இருக்கிறது. பார்க்கப் பெரிய வித்தையாகத் தெரிவது அந்தக் காந்தம்தான். செய்து பார்த்தால், அதுதான் இருப்பதிலேயே எளிய பகுதி.

தொடாமல் பிடிக்கும் பிரேக்கை நம் வீட்டுச் சுவரிலேயே பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம். பழைய மின்மீட்டரின் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றுமே, அதன் விளிம்பைக் கவ்வியபடி ஒரு காந்தம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தப்புலத்துக்குள் உலோகம் நகரும்போது, அதற்குள்ளேயே நீர்ச்சுழி போல மின்னோட்டங்கள் பிறக்கின்றன. இவற்றுக்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். லென்ஸ் விதிப்படி, இவை தம்மை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, எதிர்ப்பும் அந்த அளவுக்குக் கூடும். அந்தக் காந்தம் இல்லாவிட்டால் தட்டு தறிகெட்டு ஓடி, நம் மின்கட்டணத்தை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

காந்தத்தின் நடுவே செப்புத் தட்டைச் சுழற்றினால் கனமாகிறது, சூடாகவும் ஆகிறது என்று பிரான்சின் லியோன் ஃபூக்கோ 1855இல் காட்டினார். இதைச் சைக்கிளோடு இணைத்தவர்கள் உடலியல் ஆய்வாளர்கள். உழைக்கும் மனிதனின் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அளக்க, அளவு தெரிந்த ஒரு வேலையை அவர்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் பெனடிக்டும் வால்டர் கேடியும் மின்காந்த பிரேக் வைத்த நிலைச் சைக்கிள் ஒன்றைப் பற்றி 1912இல் வெளியிட்டார்கள். இந்த கேடிதான் பின்னாளில் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மின்னலைவை நிலைநிறுத்தியவர். இன்றைய டிரெய்னரின் மின்பலகையில் நேரம் காட்டுவது பெரும்பாலும் அப்படியொரு படிகம்தான். ஒரே மனிதர் இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்.

பிரேக் பிடிப்பது சரி, அதை எப்படிக் கூட்டிக் குறைப்பது? இரண்டு வழிகள் உண்டு. நிலைக்காந்தங்களைச் சிறு மோட்டாரால் தட்டுக்கு அருகே நகர்த்தலாம், விலக்கலாம். அல்லது கம்பிச் சுருளில் மின்சாரம் செலுத்தி மின்காந்தமாக்கி, மின்னோட்டத்தை மாற்றலாம். முதல் வழியில் ஓரிடத்தில் நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டியதில்லை, ஆனால் நகர நேரம் பிடிக்கும். இரண்டாவது கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிரேக் விசை காந்தப்புலத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் விசை பாதியாவதில்லை, ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். நிரல் எழுதுபவர் இதை மறந்தால், மிதிப்பவரின் கால் ஞாபகப்படுத்தும்.

இனி, எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் போக ஏறத்தாழ 155 வாட் தேவை. அதில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போய்விடும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் பாதையில் 15 கி.மீ. வேகத்தில் போக 205 வாட் ஆகும். அங்கே காற்றுக்குச் செலவு சொற்பம், ஏறக்குறைய எல்லாம் புவியீர்ப்புக்குத்தான். காற்றை எதிர்க்கும் திறன் வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. அசையாமல் நிற்கும் காந்தத்தின் பிரேக்கோ, இரட்டை வேகத்தில் நான்கு மடங்கு திறனைத்தான் விழுங்கும். ஆகவே மலையை விடுங்கள், வெறும் சமதளச் சாலையை நடிக்கக்கூடக் காந்தம் ஓயாமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் இன்னும் மோசம்: சக்கரம் மெல்லச் சுற்றும், விசையோ மிக அதிகமாக வேண்டும். மெல்லச் சுற்றும் தட்டில் சுழல் மின்னோட்டம் வலுவாகப் பிறப்பதில்லை. அதனால்தான் பெல்ட் போட்டுத் தட்டைப் பல மடங்கு வேகமாகச் சுற்ற விடுகிறார்கள்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய ஓர் அலுமினியத் தட்டு, பழைய கணினி ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து பிரித்தெடுத்த நியோடிமியம் காந்தங்கள் (விரலைக் கடித்துவிடும், ஜாக்கிரதை), அவற்றை நகர்த்த ஒரு சர்வோ மோட்டார். தட்டில் கோட்டம் இருந்தது. சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதுபோல, அதை நேராக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பிறகு, இந்த வேகத்தில் காந்தம் இந்த இடத்தில் இருந்தால் இத்தனை வாட் என்று ஓர் அட்டவணை தயாரித்து நிரலில் ஏற்றினேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் பிரமாதமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரை அதே 180 வாட்டைக் காட்டிக்கொண்டிருக்க, கால்களோ பூங்காவில் உலாவுவதுபோல மிதித்துக்கொண்டிருந்தன. இறங்கிப்போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டிருக்கக் கூடாது.

மிதிப்பவர் கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தட்டில் சூடாக இறங்குகிறது. 200 வாட் என்பது எட்டு சோல்டரிங் அயன்களுக்குச் சமம். ஒரு கிலோ அலுமினியத்தில் அதைச் செலுத்தி, சூடு வெளியேறவும் வழியில்லை என்றால், நிமிடத்துக்கு 13 டிகிரி ஏறும். அலுமினியத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். அறுபது டிகிரி ஏறினால் மின்தடை கால்வாசி கூடிவிடும், சுழல் மின்னோட்டம் சோர்ந்துபோகும், பிரேக்கில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். என் அட்டவணை பொய் சொல்லவில்லை. குளிர்ந்த தட்டைப் பற்றிய உண்மையைச் சூடான தட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் விசையை ஊகிக்காமல் நேரடியாக அளக்க வேண்டும். இதற்கான வழியை டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1913லேயே காட்டிவிட்டார் (1920இல் நோபல் பரிசு பெற்ற அதே குரோ). காந்தம் தட்டைப் பிடித்து இழுத்தால், தட்டும் காந்தத்தை அதே விசையோடு தன் பக்கம் இழுக்கும். எனவே காந்தத்தை இறுக்கி முடுக்காமல், அச்சைச் சுற்றி அசையும்படி விட்டு, அது எவ்வளவு இழுபடுகிறது என்று எடைக்கற்களால் நிறுத்துப் பார்த்தார். இன்று எடைக்கல்லுக்குப் பதில் லோட் செல் இருக்கிறது. மளிகைக்கடை மின்னணுத் தராசின் தட்டுக்கு அடியில் இருக்கும் அதே உலோகக் கட்டைதான். காந்தத்தோடு பொருத்திய 20 சென்டிமீட்டர் நீள இரும்புக் கை அதன்மேல் அழுந்தும்படி வைத்துவிட்டால் போதும். கையின் முனையில் 5 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் 9.8 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. அந்த எண் திரையில் வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தட்டு சூடாகட்டும், குளிரட்டும், தராசுக்குக் கவலையில்லை. திருப்பு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பினாலும் ஆபத்து. நம் கால்கள் சீராக மிதிப்பதில்லை. ஒவ்வொரு கால் இறங்கும்போதும் விசை உச்சத்துக்குப் போய், மிதி மேலும் கீழுமாக நிற்கும்போது அதலபாதாளத்துக்கு விழுகிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், நொடிக்கு மூன்று அலை. நிரல் ஒவ்வொரு அலையையும் துரத்தினால் பிரேக் விக்கலெடுக்கும். ஆகவே ஒரு முழுச் சுற்றின் சராசரியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இவ்வளவு நொடிக்கு ஒரு சராசரி என்று வைத்தால், மிதிக்கும் வேகம் மாறும்போது அரைச் சுற்று மிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும்.

அலைகளைச் சமன் செய்ய, வேகத்தைத் தேக்கிவைக்கும் கனமான சுழல் தட்டான பிளைவீலும் உண்டு. 30 கி.மீ. வேகத்தில் போகும் நம் 85 கிலோவில் ஏறக்குறைய 2,950 ஜூல் இயக்க ஆற்றல் தேங்கியிருக்கும். சாலையில் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுவது அதனால்தான். 11 சென்டிமீட்டர் ஆரமும் 6 கிலோ எடையும் உள்ள ஒரு தட்டில் அதைத் தேக்க வேண்டுமானால், நிமிடத்துக்கு 3,800 முறைக்கு மேல் சுற்றியாக வேண்டும்.

கடைசியாக, திறனை நிலையாக வைக்கும் முறை. 200 வாட் என்று சொல்லிவிட்டால், எந்த வேகத்தில் மிதித்தாலும் கருவி அதே 200 வாட்டைக் கறக்கும். இதுவும் புதிதல்ல. மிதிக்கும் வேகம் மாறினாலும் சுமை மாறாத ஒரு கருவியை ஸ்வீடனின் ஹோல்ம்கிரென், மாட்சன் இருவரும் 1954லேயே செய்துவிட்டார்கள். திறன் மாறாது என்றால் வேகம் குறையும்போது விசை கூடித்தான் ஆக வேண்டும். 90 சுற்றில் பெடலில் சராசரியாக 13 கிலோ எடையளவு அழுத்தினால் போதும். களைத்துப்போய் 60 சுற்றுக்கு இறங்கினால் 19 கிலோ. அது தாங்காமல் 45க்கு இறங்கினால் 25 கிலோ. களைத்தவன் தலையில்தான் சுமை ஏறுகிறது. இன்னும் நான்கைந்து மிதி, பிறகு சக்கரம் சேற்றில் புதைந்ததுபோல நின்றுவிடும். பயிற்சி செய்பவர்கள் இதை மரணச் சுழல் என்பார்கள். அதில் ஒருமுறை மாட்டினால் அந்தப் பெயர் மிகை என்று தோன்றாது.

நிரலில் எந்தப் பிழையும் இல்லை, சொன்னதைச் செய்கிறது. அதனால் அதற்கு ஒரு விதிவிலக்கைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது: மிதிவேகம் நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கீழே போனால் 200 வாட்டை மறந்துவிடு, காந்தத்தை விலக்கு, கால் வேகம் பிடிக்கட்டும், பிறகு பத்து நொடியில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்து. சாணைக்கல்லின் ஓசை இறங்கியதும் சாணைக்காரர் கத்தியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கல் மறுபடி சீறத் தொடங்கியதும் மெல்ல இறக்குவதும் இதற்காகத்தான்.