கொரோனாவில்தான் இறந்தார் என்று எந்தத் தாளில் இருக்கிறது?

கொரோனா இரண்டாவது அலையில் ஆளைப் பறிகொடுத்துவிட்டு, 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு அலைந்து ஓய்ந்துபோன குடும்பங்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. "எங்களுக்குக் கிடைக்காதாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கிடைக்காது என்று யார் சொன்னார், எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டால் பதில் இருக்காது. கவுன்ட்டரில் இருந்தவர் வாயால் சொன்னதுதான் தீர்ப்பு. அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவும், அடுத்த தொற்று வந்தால் இதே பாடு படக்கூடாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கிவிடலாம். பேரிடரில் உயிர் போனால் குடும்பத்துக்குக் குறைந்தபட்ச நிவாரணம் வகுக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. வழக்குப் போட்டவர்கள் 4 லட்சம் கேட்டார்கள், ஒன்றிய அரசு முடியாது என்றது. தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் கொடுத்தாக வேண்டும் என்று 2021 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செப்டம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 50,000 ரூபாய் என்று முடிவு செய்தது. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தர வேண்டிய பணம் இது. வருமான வரம்பு கிடையாது. விண்ணப்பித்து 30 நாளில் கையில் சேர வேண்டும் என்பது விதி.

எளிமையாகத்தான் தெரிகிறது. சிக்கல் எல்லாம் தாளில் இருக்கிறது.

கிராமத்தில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பிய வாக்கியம், "இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று போடவில்லையே" என்பதுதான். எந்த இறப்புச் சான்றிதழிலும் அப்படிப் போட்டிருக்காது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் மரணத்தின் காரணத்தை வெளியிடவே கூடாது. சட்டம் எழுதாதே என்று சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கேட்டு, கணவனை இழந்த பெண்களைத் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்க விட்டார்கள். இதைக் காரணமாகக் காட்டி மட்டும் எந்த மாநிலமும் நிவாரணத்தை மறுக்கக்கூடாது என்று 2021 அக்டோபர் 4-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த உத்தரவு கவுன்ட்டர் வரைக்கும் வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பதை அலைந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

காரணம் எழுதப்படுகிற தாள் வேறு. டாக்டர் கையெழுத்திடும் இறப்புக் காரண மருத்துவச் சான்று அது, படிவம் 4 என்பார்கள். அதில் காரணத்தைப் படிப்படியாக எழுதுவார்கள். முதல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை வரவழைத்த நோய். கொரோனாவில் நுரையீரல் கெட்டு இறந்தவருக்கு முதல் வரியில் மூச்சுச் செயலிழப்பு என்றோ மாரடைப்பு என்றோ இருக்கும், கோவிட் என்பது கீழே இருக்கும். மேல் வரியை மட்டும் படித்துவிட்டு "இது ஹார்ட் அட்டாக் கேஸ்" என்று ஃபைலை மூடியவர்கள் உண்டு. சர்க்கரை நோய் இருந்தவர் என்றால் இன்னும் மோசம், பழி முழுக்கச் சர்க்கரை மேல் விழுந்தது. உங்கள் கையில் இந்தச் சான்று இருந்தால் முழுவதையும் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, இறப்பு எங்கே பதிவாகிறது என்பதில் வரும் குழப்பம். ஊராட்சிப் பகுதியில் வீட்டில் இறந்தால் பதிவு செய்பவர் விஏஓ. ஆனால் மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய் ஜி.எச்.சில் இறந்திருந்தால் பதிவு அங்கேதான். ஆள் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில் வராது, உயிர் எங்கே போனது என்பதுதான் கணக்கு. ஆம்புலன்சில் போகும் வழியில் இறந்திருந்தால் வண்டி முதலில் நின்ற இடத்தில். இது தெரியாமல் விஏஓ அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவரும் "எங்க புத்தகத்தில் இல்லையே" என்று சொல்வாரே தவிர, எங்கே இருக்கும் என்று சொல்ல மாட்டார்.

பதிவே செய்யாமல் விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். 21 நாளுக்குள் இலவசம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் தாமதக் கட்டணத்தோடு மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் இந்தப் பதிவு இல்லாமல் நிவாரணம் மட்டுமல்ல, பட்டா மாறுதல், வங்கிப் பணம் எதுவும் நகராது.

இப்போது 30 நாள் கணக்கு. பரிசோதனையில் தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா மரணம். ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும் என்று இல்லை, வீட்டில் இறந்தாலும் சரி. பத்துப் பன்னிரண்டு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் இறந்தவர்கள் கிராமங்களில் நிறைய. "குணமாகித்தானே போனார், நெகட்டிவ் வந்துவிட்டதே" என்பார்கள். நெகட்டிவ் வந்ததா இல்லையா என்பதை விதி கேட்கவில்லை, நாளைத்தான் எண்ணச் சொல்கிறது. அதேபோல, தொற்றுக்காகச் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே 30 நாளுக்கு மேல் படுத்திருந்து அங்கேயே இறந்தவரும் கணக்கில் வருவார். தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவர் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் விட்ட குடும்பங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நாளை எண்ண வேண்டுமென்றால் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டுமே. இங்கேதான் கிராமத்துக்காரர்கள் தோற்றார்கள். காய்ச்சல் முகாமில் மாதிரி எடுத்தார்கள், முடிவைப் போனில் சொன்னார்கள், தாள் யாரும் தரவில்லை. போன் எண்ணும் பல பேருக்குப் பக்கத்து வீட்டுப் பையனுடையது. பெயரை முகாமில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஆதாரில் முத்துலெட்சுமி, சோதனைச் சீட்டில் முத்துலட்சுமி, ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்றால் மூன்று பெண்கள் இறந்ததாகவே கணினி நினைத்துக்கொள்ளும். சோதனைச் சீட்டில் எஸ்ஆர்எஃப் எண் என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய போனில் குறுஞ்செய்தியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மாதிரி எடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் கேட்க வேண்டும்.

சிடி ஸ்கேன் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்கேன் சென்டர் அறிக்கையை மட்டும் நீட்டினால் நிராகரிப்பார்கள். உள்நோயாளியாகச் சேர்த்து, பார்த்த மருத்துவர் கொரோனா என்று முடிவு செய்திருந்தால் ஆர்டிபிசிஆர் நெகட்டிவாக இருந்தாலும் வாதாட இடம் இருக்கிறது. அதற்கு கேஸ் ஷீட் நகல் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்தில் சிகிச்சைப் பதிவைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. ஆனால் அதே விதி, உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறது. 2021 ஃபைல்களை இன்னும் வைத்திருக்கிறார்களா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. ஆகவே வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சோதனையே செய்யாமல், ஆஸ்பத்திரிக்கும் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்களுக்கு இந்த விதியில் இடமில்லை. கசப்பான விஷயம்தான், மறைத்துப் பயனில்லை. சோதனைக்குப் போனால் வீட்டுக்கு முன்னால் தகரம் அடிப்பார்கள், தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். இறந்தவரை அடக்கம் செய்ய விடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 2020 ஏப்ரலில் தமிழக அரசு அவசரச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் ஊர் இருந்த நிலையைப் புரிந்துகொள்ளலாம். ஊரைப் பாதுகாக்கிறோம் என்று செய்த கெடுபிடிக்கு விலை கொடுத்தது இந்தக் குடும்பங்கள்.

அந்தக் கெடுபிடி ஒரு விதத்தில் உதவவும் செய்யும். தனிமைப்படுத்திய வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்களே, தெருவை அடைத்தார்களே, பிளீச்சிங் பவுடர் போட்டார்களே, அதற்கெல்லாம் ஊராட்சியிலோ சுகாதார நிலையத்திலோ பதிவு இருக்க வேண்டும். செலவுக் கணக்கு எழுதாமலா விட்டிருப்பார்கள்? "எங்களுக்கும் நிவாரணத்துக்கும் சம்பந்தமில்லை" என்று ஊராட்சி அலுவலகத்தில் சொல்வது பாதிதான் உண்மை. பணம் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, உங்கள் வீட்டில் தொற்று இருந்ததைக் காட்டும் பதிவு அவர்களிடம் இருக்கலாம். இது தனியாக நின்று பணம் வாங்கித் தராது, மற்றத் தாள்களோடு சேர்த்தால் வலுக்கூட்டும்.

யாரிடம் கேட்பது? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போது தலைவராக இருந்தவர் இப்போது அதிகாரத்தில் இல்லை என்பதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஆள் மாறலாம், பதிவேடு அலுவலகத்துக்குச் சொந்தம். ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள், தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். ஊர் முழுக்க யார் யாருக்குத் தொற்று என்று கேட்காதீர்கள், அந்தரங்கத் தகவல் என்று மறுக்க வழி கிடைத்துவிடும். இறந்த என் கணவர் பெயரில், இந்தத் தேதிகளுக்குள் இருக்கும் பதிவின் நகல் என்று மட்டும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வாரிசுச் சான்று பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் பட்டதுதான். இ-சேவையில் போட்டால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று போகும். கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டுப் போடாதீர்கள், பின்னால் அதுவே வம்பாகும். பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பதில் மற்ற வாரிசுகளின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். அந்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"கடைசி தேதி முடிஞ்சு போச்சு" என்பது இன்றைய பல்லவி. 2022 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது உண்மை. அதே மாதம் 20-ஆம் தேதிக்கு முன் இறந்தவர்களுக்கு 60 நாள், பிறகு இறந்தவர்களுக்கு இறந்த நாளிலிருந்து 90 நாள். ஆனால் அதே உத்தரவில், மிகுந்த கஷ்டத்தால் கெடுவுக்குள் விண்ணப்பிக்க முடியாதவர்கள், இந்த நிவாரணப் புகார்களைப் பார்க்கிற மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவை அணுகலாம், குழு தகுதி பார்த்து முடிவு செய்யலாம் என்றும் இருக்கிறது. கவுன்ட்டரில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். இத்தனை வருடம் கழித்துக் குழு எளிதில் ஒப்புக்கொள்ளும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஏன் தாமதம் என்பதற்குக் காரணமும் சான்றும் வேண்டும். முன்பு கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு இருந்தால் அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. குழு மறுத்தால் தெளிவான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுப்பது சரி, ஆனால் அது சுற்றிச் சுற்றி மறுபடி உங்கள் தாலுகாவுக்கே வரும். கூடவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. புரோக்கரிடம் மட்டும் போக வேண்டாம். பாசிட்டிவ் ரிப்போர்ட் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்கிறவனை நம்பினால், பொய்க் கோரிக்கைக்குப் பேரிடர் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. அவன் தப்பிவிடுவான், கையெழுத்து உங்களுடையது.

இனி ஒரு தொற்று வந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் பிறப்பு, இறப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அக்டோபர் 1 முதல், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இறப்புக் காரணச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்குத் தந்தாக வேண்டும். உடலை வாங்கும் நேரத்தில் இதைக் கேட்க யாருக்கும் மனசு வராது. அதனால் கூட வந்த மச்சான், சித்தப்பா யாராவது ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனைச் சீட்டைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் முடியவில்லை. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசு 5 லட்சத்தை வைப்பு நிதியாகப் போட்டு, 18 வயதானதும் வட்டியோடு தருவதாக அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய். ஒன்றிய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம். 2021-இல் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு 2027-இல் 18 ஆகிறது. இடையில் பாட்டி வீட்டிலிருந்து மாமா வீட்டுக்குப் பிள்ளை மாறியிருக்கும், பாதுகாவலர் இறந்திருப்பார், போன் எண் போயிருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இந்த மாற்றங்களை எழுத்தில் கொடுத்து, வைப்பு நிதி ரசீதின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1098-க்கு போன் செய்தால் சொல்வார்கள்.