மண்ணைத் துழாவும் ஒற்றைச் செல்

கடுகை ஈரத் துணியில் தூவி மூடி வைத்தால், இரண்டு மூன்று நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்ததுபோல் இருக்கும். பூஞ்சை என்று நினைத்துப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், அந்தப் பஞ்சு வேரோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். அவை வேர்த்தூவிகள்.

ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்தான். வேரின் மேல்தோல் செல் பக்கவாட்டில் மெல்லிய குழாயாக நீண்டுவிடுகிறது. உருண்டையாகப் பருத்திருந்தால் உள்ளே இடம் பெருகியிருக்கும், மண்ணைத் தொடும் பரப்பு அந்த அளவுக்குப் பெருகியிருக்காது. மெலிந்து நீள்வதால் பரப்பும் கூடுகிறது, மண்துகள்களின் இடுக்கிலும் நுழைய முடிகிறது. 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) செடியின் வேர்களை மாதிரி எடுத்து எண்ணிக் கணக்கிட்டார். சுமார் 1,400 கோடி தூவிகள்! அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 400 சதுர மீட்டர். அந்தப் பெட்டியோ ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், இரண்டடிக்கும் குறைவான உயரம்.

தண்ணீர் உள்ளே வருவதற்குச் செல் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. அதன் நடுவிலுள்ள பெரிய நுண்குமிழியில் உப்பும் சர்க்கரையும் கரைந்த சாறு இருக்கிறது. மண்நீர் அதைவிட நீர்த்தது என்பதால் சவ்வூடு பரவலில் தண்ணீர் தானாக உள்ளே வரும். மேல்சுவர் மெல்லியது, இலைமேல் இருப்பதுபோன்ற மெழுகுப் படலமும் தடையாக இல்லை.

தாது உப்புகள் விஷயம் வேறு. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் வெளியே குறைவு, உள்ளே அதிகம். எதிர்த்திசையில் இழுக்க ஆற்றல் செலவாகும். அதற்காகச் செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓயாமல் உழைக்கின்றன, அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். கத்தரிப் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: மண்ணில் சத்து இருந்தும் வேருக்கு மூச்சு இல்லை. நெல் தப்பிப்பது, அதன் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே ஆக்சிஜன் வேருக்கு இறங்குவதால்.

சரி, இவ்வளவு மெல்லிய சுவருக்கு ஒரு விலையும் உண்டு. நாற்றைப் பிடுங்கும்போது பெரும்பாலான தூவிகள் அறுந்துபோகும், பழையபடி ஒட்டாது. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் புதிதாக முளைக்க வேண்டும். அதுவரை செடிக்கு உறிஞ்சும் பரப்பு குறைவு, இலை வழியே நீர் போவதோ நிற்காது. அதனால்தான் மிளகாய் நாற்றைத் தாய்மண்ணோடு எடுத்து, வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, உடனே தண்ணீர் விடுகிறார்கள்.