பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் சொல்லுக்குச் சட்டம் தந்த இடம்

தேசியக் கல்விக் கொள்கையின் வரைவு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு 2019 மே 31 அன்று வெளியானது. 484 பக்கம், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அதிலிருந்த கட்டாய இந்தி குறித்த பகுதி, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. ஆனால் அது ஒரு மாநிலமே திரண்டு பெற்ற திருத்தம். தனியொருவர் கருத்து அனுப்பினால் அதற்குப் பதில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. சாதாரணப் பெற்றோரின் சொல்லுக்குச் சட்டத்திலேயே இடம் இருப்பது தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில்தான்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் 20 பேருடன் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. அவற்றைவிட முக்கியமானது பள்ளி மேம்பாட்டுத் திட்டம். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும், கட்டடமும் கருவிகளும் என்னென்ன தேவை, அதற்குப் பணம் எவ்வளவு என்பதெல்லாம் இதில் வர வேண்டும். அரசு தீட்டும் திட்டத்துக்கும் தரும் மானியத்துக்கும் இதுவே அடிப்படை என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று வாசலில் நின்று புலம்புவதற்கும், அதையே இந்தத் திட்டத்தில் ஒரு வரியாக ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

நடைமுறையில் பல ஊர்களில் குழுக் கூட்டம் என்பது பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. அது நியாயமான தயக்கம்தான். ஆகவே தனியாகப் பேசாமல் நான்கைந்து பெற்றோர் முன்கூட்டியே கலந்து பேசிவிட்டுப் போவது நல்லது. கேட்டது எதுவோ அது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

திட்டத்தின் நகலைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். குழந்தையின் கல்வி உரிமையே பாதிக்கப்படுகிறது என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.