செராமிக்: பீங்கான் என்றால் போதுமா?

செராமிக்குக்குத் தமிழில் என்ன சொல்வது, பீங்கான் என்றே சொல்லிவிடலாமா? செராமிக் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கெரமோஸ்' என்றால் குயவர் பிசையும் களிமண். அதில் வனைந்து சுட்ட கலத்துக்கும் அதே பெயர். ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதியை இன்றும் கெரமெய்கோஸ் என்றுதான் அழைக்கிறார்கள். நமக்குப் பழகிய சொல் பீங்கான். அதுவும் வெளியிலிருந்து வந்ததே: பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். தமிழுக்கு வந்தபின் கிண்ணத்தின் பெயர், அதைச் செய்த பொருளுக்கும் பெயராகிவிட்டது.

மின்வேலையில் இந்தச் சொல் நன்றாகவே ஊன்றியிருக்கிறது. "கம்பத்துல பீங்கான் வெடிச்சிருச்சு" என்றால் மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் தடுக்கும் இன்சுலேட்டர் போய்விட்டது என்று எல்லாருக்கும் புரியும். பழைய வீடுகளின் மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை பீஸ் கட்டையும் பீங்கான்தான்.

பீங்கானைச் செய்ய வெண்களிமண்ணும், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரு கனிமங்களும் வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கும் வெண்களிமண் இந்த வகைதான். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்ற அது ஒரு காரணம். கலவையை 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடும்போது ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல் இடுக்குகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே எலக்ட்ரான்கள் அணுப்பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் மின்சாரம் பாய வழியில்லை. எல்லாம் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த பொருள்கள் என்பதால் தீப்பொறி பட்டாலும் எரிவதற்கு எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கில் இந்தக் குணம் கிடையாது.

உயரழுத்தக் கோபுரங்களில் சரம்சரமாகத் தொங்கும் தட்டுகளைக் கவனித்தால் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும். மழையில் நனைந்த மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து போகக்கூடிய தூரத்தை நீட்டத்தான் அந்த மடிப்பு. மேலே பூசிய மெருகு அழுக்கைத் தங்கவிடாது. பீங்கான் நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், இழுப்பை அவ்வளவாகத் தாங்காது. கம்பியின் இழுவிசை பீங்கானை நசுக்கும் விசையாக மாறும்படி இரும்பு மூடியையும் ஊசியையும் பொருத்தியிருக்கிறார்கள். மிக அழகான வடிவமைப்பு இது.

சரி, செராமிக் எல்லாமே பீங்கானா? இங்கேதான் சொல் இடறுகிறது. செல்போனுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் குட்டி மின்தேக்கிகள் பேரியம் டைட்டனேட்டால் ஆனவை. அதில் களிமண் துளியும் இல்லை. மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று காட்டும் எண் மின்காப்பு மாறிலி. பீங்கானில் அது 6 அளவில் இருக்க, இதில் அது ஆயிரத்தைத் தாண்டும். அதனால்தான் அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்க்க முடிகிறது. மின்னல் தாக்கும்போது மின்கருவிகளைக் காக்கும் மின்னல் தாங்கியில் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வழக்கமான மின்னழுத்தத்தில் மின்சாரத்தைத் தடுக்கும். அழுத்தம் திடீரென ஏறினால் கடத்தும். 1987இல் வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடோ, திரவ நைட்ரஜன் குளிரில் எதிர்ப்பே இல்லாமல் கடத்துகிறது. இவை எல்லாமே செராமிக்தான்.

ஆகவே செராமிக்குக்கு ஈடாக மட்பொருள், வெண்களி போன்ற சொற்கள் இந்தப் பெருங்குடும்பத்துக்குப் போதாது என்பது என் எண்ணம். இவற்றுக்குப் பொதுவானது உலோகமல்லாத கனிமப்பொடியைச் சூட்டில் இறுக்கும் முறை. அதை வைத்துச் 'சுடுகனிமம்' என்று சொல்லலாம். மட்பானை, பீங்கான், பேரியம் டைட்டனேட் மூன்றையும் அது தழுவும். வெண்களிமண்ணில் சுட்ட போர்சலினுக்குப் பீங்கானே இருக்கட்டும். மக்கள் வாயில் ஊறிய சொல்லை மாற்றத் தேவையில்லை.

இன்சுலேட்டர் என்பது வேலையின் பெயர். அதற்கு மின்காப்பான் என்ற நல்ல சொல் இருக்கிறது. இப்போது பல இடங்களில் சிலிக்கோன் ரப்பர் மூடிய மின்காப்பான்களை மாட்டுகிறார்கள். அவற்றையும் பழக்கத்தில் பீங்கான் என்று எழுதினால், பழுது பார்க்கப் போகிறவர் தவறான பொருளைக் கொண்டுபோக நேரும்.