கோப்பின் வயதைக் காக்காத கிட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில், செம்பனைக் குலைகளின் எடைக்கணக்கைப் பதியும் நிரலைச் சிலர் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவர் திட்டத்தை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கிட் வழியாக இறக்கி, ஒரு வரியையும் தொடாமல், கணினிக்கேற்ப நிரலை ஆயத்தம் செய்யும் கன்ஃபிகரை ஓட்டிவிட்டு, நிரலைக் கட்டும் 'மேக்' கட்டளையைத் தட்டுகிறார், 'ஆக்லோக்கல்-1.16 உங்கள் கணினியில் இல்லை' என்று அது நின்றுவிடுகிறது. ஆக்லோக்கல், கன்ஃபிகரை உருவாக்க உதவும் ஒரு கருவி. கன்ஃபிகர் போல, கருவிகள் உருவாக்கும் கோப்புகளை கிட்டில் பதியலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

மனிதர் எழுதும் கன்ஃபிகர்.ஏசி சிறிய கோப்பு. ஆட்டோகான்ஃப் என்னும் கருவி அதிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கன்ஃபிகர் என்னும் ஷெல் நிரலை உருவாக்கித் தருகிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை மட்டுமே ஒப்பிட்டு, மூலம் புதியதாகவும் அதிலிருந்து பிறந்தது பழையதாகவும் இருந்தால் மீண்டும் உருவாக்கச் சொல்கிறது. கிட்டோ உள்ளடக்கத்தைக் காக்குமே தவிர அந்த நேரத்தைக் காப்பதில்லை. இறக்கும்போது எந்தக் கோப்பு சில மில்லிநொடிகள் பிந்தி வட்டில் எழுதப்பட்டதோ அதுவே புதியதாகிவிடுகிறது. அதனால்தான் ஒருவர் கணினியில் ஓடுவது அடுத்தவர் கணினியில் முரண்டு பிடிக்கிறது.

இன்னொரு தொல்லை, இருவரிடம் ஆட்டோகான்ஃபின் வெவ்வேறு பதிப்புகள் இருப்பது. மூலத்தில் ஒரு வரி மாறினாலும் கன்ஃபிகரில் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகத் தெரியும். உண்மையான மாற்றம் அந்தக் குவியலில் மறைந்துபோகும். இருவர் தனித்தனியே மாற்றிய இரு கிளைகளை இணைக்கையில் கன்ஃபிகரில் மோதல் வந்தால், அதைக் கையால் திருத்துவது, தோட்டக் கிராணியின் (எழுத்தரின்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், உள்ள பிழையை விட்டுவிட்டுச் சம்பளச் சீட்டை அடித்துத் திருத்துவது போன்றது.

எனவே இப்படிக் கருவிகளால் பிறக்கும் கோப்புகளை, கிட் பதியாமல் விடவேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்ப்பதே என் தேர்வு. ஆயினும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் குழு கன்ஃபிகரைத் தன் கிட் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆட்டோகான்ஃப் பதிப்பையே எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால் அது அங்கே சரிப்பட்டு வருகிறது. (நிரல் சார்ந்திருக்கும் பிற நிரல்களின் பதிப்பைப் பூட்டிவைக்கும் லாக் கோப்புகள் வேறு வகை, அவற்றைப் பதிவதே முறை.)

விலக்கிவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. களஞ்சியத்தில் இல்லாத கன்ஃபிகர், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்படுகிறது. அதை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில் கள்ளத்தனமாகப் புகுத்தப்பட்ட பின்கதவு இந்த இடைவெளியில்தான் நுழைந்தது: கன்ஃபிகரில் அதைத் தூண்டிவிடும் எம்4 கோப்பு (கன்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் மூலக்கோப்பு வகை) தொகுப்பில் இருந்தது, கிட்டில் இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு அதைத் துருவிப் பிடித்தவர், போஸ்ட்கிரெஸ் உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். தொகுப்பில் வரும் கன்ஃபிகரை நம்பாமல், கிட்டில் உள்ள மூலத்திலிருந்து அதைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற வாதம் அதன்பின் வலுத்தது.